கோபத்தோடும் படியேறலாம்

தில்லி ராமகிருஷ்ணபுரத்தில், எல்லோரும் மலை மந்திர் என்று சொல்லும் உத்தர சுவாமிமலைக் கோயிலில், சன்னதிக்கு வெளியே பெரிய எழுத்தில் ‘யாமிருக்க பயமேன்’ என்று போட்டிருக்கும். நான் தமிழில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் வாசகம் அதுதான். பள்ளியில் இந்தி, தெருவில் இந்தி, அரசுக் குடியிருப்பின் படிக்கட்டில் விளையாடும்போதும் இந்தி. தமிழ் எழுத்துக்கு எனக்கு அம்மாதான் வாத்தியார், அந்தக் கோயில்தான் பலகை. கிருத்திகை தவறாமல் என்னையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு படியேறுவாள். “யா... மி... ரு...” என்று விரல் வைத்துக் காட்டுவாள்.

2021 அக்டோபரில், கோயில்களுக்குள் மறுபடி பக்தர்களை விட ஆரம்பித்த வாரம், நான் தனியாகப் போய் அந்த எழுத்துக்கு முன்னால் நின்றேன். அம்மா போய் ஆறு மாதம் ஆகப்போகிறது. உள்ளே போக முடியவில்லை. “நீ இருந்தாயா? எங்கே இருந்தாய்?” என்று மட்டும் மனசுக்குள் கேட்டுவிட்டு, விபூதி கூட எடுக்காமல் இறங்கிவிட்டேன். அப்போது எனக்கு 26 வயது. நம்பிக்கை என்று நான் வைத்திருந்தது எல்லாம் அம்மாவுடையது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கென்று ஒன்றும் இல்லை.

அதற்கப்புறம் நான் தேடிய இடங்களையும், தேடும்போது ஏமாந்ததையும், நின்று மூச்சுவிட்ட இடங்களையும் எழுதுகிறேன். இப்படி ஒரு துக்கத்தில் நின்றுகொண்டு சாமியையும் தேடி, துணையையும் தேடும் பெண் யாராவது இருந்தால் அவளுக்குப் பயன்படட்டும்.

முதலில் அந்த ஏப்ரலைச் சொல்லிவிடுகிறேன். 19-ஆம் தேதி இரவு தில்லியில் ஊரடங்கு போட்டார்கள். 20-ஆம் தேதி மட்டும் 28,395 பேருக்குக் கோவிட் தொற்று. எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல். அப்பாவுக்கு இறங்கியது, அம்மாவுக்கு ஆக்ஸிஜன் இறங்கியது. 91, 88, 84. மருத்துவமனைக் கட்டிலுக்காக நான் எத்தனை எண்களுக்கு அழைத்தேன் என்று கணக்கே இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் தன் காரைக் கொடுத்தார். காஜியாபாத் இந்திராபுரத்தில், சீக்கியர் கோயிலான குருத்வாரா வாசலில் சாலையிலேயே ஆக்ஸிஜன் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். குருத்வாராவில் எல்லோருக்கும் சோறு போடும் லங்கர் தெரியும். மூச்சு கொடுக்கும் லங்கரை அன்றைக்குத்தான் பார்த்தேன். பின் சீட்டில் அம்மா, காருக்கு வெளியே சிலிண்டர், ஜன்னல் வழியாகக் குழாய். தலைப்பாகை கட்டிய ஒரு பையன், என்னைவிடச் சின்னவன், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு “மாதாஜி, லம்பீ சான்ஸ் லோ”, அம்மா, நீளமாக மூச்சு இழுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அம்மாவுக்கு இந்தி சுமாராகத்தான் வரும். ஆனாலும் அவன் சொன்னபடி இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். மறுநாள் ஒரு மருத்துவமனையில் கட்டில் கிடைத்தது. நான்காம் நாள் அம்மா இல்லை.

தம்பி சென்னையில் தொற்றோடு தனியறையில். அப்பா வீட்டில் தனியறையில். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழக்கம் கிடையாது. நான் கையில் டோக்கனோடு வரிசையில் நின்றேன். அங்கிருந்த பண்டிட், “பேட்டா கஹாங் ஹை?”, மகன் எங்கே என்று கேட்டார். “மைங் ஹூங்”, நான் இருக்கிறேன் என்றேன். அவர் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார், பிறகு கொள்ளியை என் கையில் கொடுத்தார். அந்த மனிதருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். அன்றைக்கு இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் விழுந்திருப்பேன்.

சாம்பலை ஜூனில் அப்பாவும் நானும் கட்முக்தேஷ்வர் கொண்டுபோய்க் கங்கையில் கரைத்தோம். ஒரு பிடியைத் தம்பி தாமிரபரணிக்கு எடுத்துப் போனான்.

இங்கே காகித விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். துக்க வீட்டில் யாரும் சொல்லித் தராதது இது. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பதியும்போதே பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் ஆதாரோடு வைத்துப் பாருங்கள். நாம் இனிஷியல் போடுகிறவர்கள், வடக்கே அதற்குக் குடும்பப் பெயர் கேட்பார்கள். அம்மாவின் சான்றிதழில் இனிஷியலை விரித்து எழுதும்போது அப்பாவின் பெயரையே தப்பாக எழுதிவிட்டார்கள். நான் கவனிக்கவில்லை, கவனிக்கும் நிலையிலும் இல்லை. அதைத் திருத்த எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. கோவிட் இறப்புக்கு 50,000 ரூபாய் நிவாரணம் என்று அறிவித்தபோது, தொற்று உறுதியான 30 நாளுக்குள் நடந்த இறப்பு கணக்கில் வரும் என்றார்கள். ஆர்டிபிசிஆர் அறிக்கையைப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கு வேலை சுலபமாக முடிந்தது. எந்த மரணமாக இருந்தாலும் பரிசோதனைத் தாள், மருத்துவமனைச் சுருக்கம், மயான ரசீது மூன்றையும் ஒரே உறையில் போட்டு, கலங்காத ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். சான்றிதழில் நாலைந்து அசல் பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவின் சிறிய வைப்புத்தொகைக்கு நாமினியே போட்டிருக்கவில்லை. உங்கள் வீட்டில் இன்றைக்கே பாருங்கள்.

சரி, தேடலுக்கு வருகிறேன்.

எல்லோரும் என்னிடம் ஒன்றுதான் சொன்னார்கள். “நீதான் தைரியமா இருக்கணும், அப்பாவைப் பார்த்துக்கணும்.” நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் அந்த வாக்கியம் என் வாயில் துணி வைத்து அடைத்த மாதிரி இருந்தது. அப்பா முன்னால் அழக் கூடாது, தம்பியிடம் போனில் அழக் கூடாது, அலுவலகத்தில் கேமராவைப் போட்டுக்கொண்டு அழ முடியாது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தோழி வழியாக, இணையத்தில் பிரிந்த ஆன்மாக்களோடு பேசித் தருகிறேன் என்கிற ஒருவரிடம் போனேன். ஒரு அமர்வுக்கு 3,500 ரூபாய். நான் படித்தவள், கணக்குத் துறையில் வேலை பார்க்கிறவள். ஆனாலும் போனேன். அம்மாவின் குரலைக் கேட்க வேண்டும் என்ற பசிக்கு முன்னால் படிப்பு என்ன செய்யும்? முதல் இரண்டு முறை இதமாகத்தான் இருந்தது. அம்மா வெளிச்சத்தில் இருக்கிறாள், உன்னைப் பார்க்கிறாள் என்றார். மூன்றாம் முறை, “நீ அழுவதால் உன் அம்மாவின் பயணம் தடைபடுகிறது. அவள் உன் மேல் வருத்தத்தில் இருக்கிறாள்” என்றார். பரிகாரமாக இன்னும் ஐந்து அமர்வு, அதைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது.

நான் அழுவதை நிறுத்திவிட்டேன். நிஜமாகவே இரண்டு மாதம் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அப்புறம் ஒரு மாலை, வீடு திரும்பும்போது ஐ.என்.ஏ. மெட்ரோ நிலையத்தில் கதவு மூடியதும் எனக்கு மூச்சு அடைத்தது. மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. அம்மாவுக்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன், இன்னும் அடைத்தது. அடுத்த நிலையத்தில் இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். முகம் தெரியாத ஒரு பெண் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, என் மூச்சு திரும்பும் வரை பக்கத்திலேயே நின்றாள்.

இதிலிருந்து எனக்குக் கிடைத்தது மூன்று அடையாளம். யாராவது உங்கள் துக்கத்துக்கு மணிக்கணக்கில் விலை போட்டால், யாரிடமும் சொல்லாதே என்று சொன்னால், உங்கள் கண்ணீர் இறந்தவருக்குக் கெடுதல் என்று பயமுறுத்தினால், அவர் எந்தச் சாமி பேரைச் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். மூன்றில் ஒன்று இருந்தாலே போதும்.

மெட்ரோவில் நடந்ததற்குப் பிறகு ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். வெட்கமாக இருந்தது, அதனால் அப்பாவிடம் பல் மருத்துவர் என்று சொல்லிவிட்டுப் போனேன். அவர் சொன்ன ஒன்று என்னைத் தாங்கியது. துக்கம் படிப்படியாக ஏறி முடியும் மாடிப்படி இல்லை, ஊசல் மாதிரி என்றார். ஒரு பொழுது இழப்பின் பக்கம் போவோம், ஒரு பொழுது கேஸ் புக் பண்ணுவது, வாடகை கட்டுவது என்று வாழ்வின் பக்கம் வருவோம். இரண்டு பக்கமும் போய்வருவதுதான் ஆரோக்கியம். ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் இப்படி எழுதினார்கள் என்றார். எல்லோரும் சொல்லும் ‘ஐந்து நிலைகள்’ பற்றிக் கேட்டேன். 1969-இல் அதைச் சொன்ன மருத்துவர் எலிசபெத் கூப்ளர் ராஸ், சாகப்போகிற நோயாளிகளிடம் பார்த்ததை வைத்துத்தான் சொன்னார், பிரிந்து நிற்கிறவர்களை வைத்து இல்லை என்றார். எனக்குப் பெரிய நிம்மதி. நான் எந்த நிலையில் பின்தங்கியிருக்கிறேன் என்று என்னையே பரீட்சை வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மாதத்துக்கு மேலாகியும் சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாமே நின்றுபோய், ஏக்கம் மட்டும் அப்படியே இருந்தால், அதற்கு மருத்துவத்தில் நீடித்த துக்கக் கோளாறு என்று பெயர் உண்டு, அதற்குச் சிகிச்சையும் உண்டு. கட்டணம் கொடுக்க முடியாதவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசுச் சேவை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். வடக்கே இருக்கும் நமக்கு அது சின்ன விஷயம் இல்லை. எனக்கு அலுவலகம் இந்தியில் நடக்கும், கணக்கு ஆங்கிலத்தில் நடக்கும், ஆனால் “அம்மா” என்று அழுவது தமிழில் மட்டும்தான் வரும்.

இதற்கு நடுவில் காதல் என்று ஒன்று வந்தது. வரிசைப்படி பார்த்தால் முன்னாலேயே வந்தது. ஆக்ஸிஜன் எங்கே கிடைக்கும், கட்டில் எங்கே காலி என்று ராப்பகலாகத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்த தன்னார்வலர்களில் ஒருவர் அவர். அம்மா போன பிறகும் தினமும் விசாரித்தார். ‘சாப்பிட்டாயா’ என்று கேட்க ஆள் இல்லாத வீட்டில் அந்தச் செய்தி ஒன்றுக்காகவே போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினேன். நான்கு மாதத்தில் கல்யாணப் பேச்சு வந்தது. ஊரிலிருந்தும் அழுத்தம். வீட்டில் சாவு விழுந்தால் வருஷம் திரும்புவதற்குள் பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தள்ளிப்போகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதன் பின்னால் அக்கறையும் இருக்கிறது. தாயில்லாத பெண் தனியாக நிற்கக் கூடாது என்ற பயம் அது. 2022 பிப்ரவரியில் பூ வைத்தார்கள்.

அவர் கெட்டவர் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். ஆனால் நான் உடைந்து கிடந்தபோது தூக்கிவிடுவது அவருக்குப் பிடித்திருந்தது. எழுந்து நின்று கோபப்பட்டபோது பிடிக்கவில்லை. முதல் திதி வந்த வாரம் நான் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். கடவுள் மேல், மருத்துவமனை மேல், என் மேல். “ஒரு வருஷம் ஆச்சு. இன்னும் எத்தனை நாள்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு அந்த 3,500 ரூபாய் மனிதரின் குரல் ஞாபகம் வந்தது. ஒருவர் சாமி பேரில் நிறுத்தச் சொன்னார், ஒருவர் அன்பின் பேரில் நிறுத்தச் சொன்னார். இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குத் தெளிந்துபோனது. ஒரு மாதம் கழித்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா நிறைய நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “தட்டை நான் போய்த் திருப்பிக் கொடுத்துட்டு வரேன். நீ வர வேண்டாம்” என்றார். என் அப்பா அவ்வளவு பெரியவர் என்று எனக்கு அதுவரை தெரியாது.

முதல் வருஷத்தில் பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள் என்று நான் சொன்னால், சொந்தக்காரர்கள் வருஷக் கணக்கைக் காட்டுவார்கள். அப்போது சண்டை போட வேண்டாம். “அம்மா இருந்தா என்னைக் கேட்காம முடிவெடுத்திருப்பாளா?” என்று மட்டும் கேளுங்கள். என் சித்திமார்கள் இந்தக் கேள்விக்கு முன்னால் அடங்கினார்கள்.

கல்யாணம் நின்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் மிகவும் நீளமாகிவிட்டன. ஒரு ஞாயிறு, பெண்களுக்கான இலவச இளஞ்சிவப்பு டிக்கெட்டில் பஸ் ஏறி, எங்கே போகிறேன் என்று தெரியாமல் போய், பங்களா சாஹிப் குருத்வாராவில் இறங்கினேன். அந்த இந்திராபுரத்துப் பையனுக்கு நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே என்ற நினைப்புதான் என்னை அங்கே தள்ளியிருக்க வேண்டும். தலையை மூடிக்கொண்டு குளக்கரையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி, இது யாருடைய இடம் தெரியுமா என்று ஆரம்பித்தார். ராஜா ஜெய்சிங்கின் மாளிகையாம் இது. 1664-இல் சீக்கியர்களின் எட்டாவது குரு ஹர் கிருஷன் இங்கே தங்கியிருந்தார். ஊரெல்லாம் அம்மையும் காலராவும். இங்கிருந்த கிணற்றுத் தண்ணீரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பணிவிடை செய்தார். கடைசியில் அவருக்கும் அம்மை கண்டு இறந்துபோனார். அப்போது அவருக்கு எட்டு வயது கூட முடியவில்லை.

எட்டு வயது முடியாத குழந்தை. நோயைத் தடுக்கவில்லை, தன்னையும் காப்பாற்றிக்கொள்ளவில்லை. நோயாளியின் பக்கத்தில் இருந்தார், அவ்வளவுதான். 350 வருஷத்துக்கு மேலாகியும் அவரை நினைத்து இங்கே சோறு போடுகிறார்கள். நான் அந்தக் கரையில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். பாட்டி என்னைத் தேற்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “ரொட்டி இடத் தெரியுமா?” என்று கேட்டு அடுக்களைக்குக் கூட்டிப் போனார்.

எனக்குத் தெரியாது. நம் வீட்டுச் சப்பாத்தியே எனக்கு இலங்கை வரைபடமாக வரும். முதல் நாள் மாவு உருண்டை மட்டும் பிடித்தேன். அதற்கப்புறம் ஒன்றரை வருஷம், முடிந்த ஞாயிறெல்லாம் போனேன். நான் சீக்கியத்துக்கு மாறவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அங்கே பிரார்த்தனை என்று நான் செய்தது மாவு உருட்டியதுதான். மனசு ஒன்றையும் நம்பாதபோதும் கை வேலை செய்தது. துக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: நம்பிக்கை வந்த பிறகு சேவை செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரே இடம், ஒரே நேரம், கைக்கு ஒரு வேலை. பேச வேண்டிய அவசியம் இல்லாத வேலையாக இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு வியாழன் மாலை நிஜாமுதீன் தர்காவுக்கும் போனேன். பெண்கள் உள்ளறைக்குள் போக முடியாது, வெளியே கல் ஜன்னல் பக்கம்தான் உட்காரலாம். அது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் 1325-இல் சூஃபி குரு நிஜாமுதீன் போன சில மாதங்களில் அந்தத் துயரத்திலேயே அவர் சீடரான கவிஞர் அமீர் குஸ்ரோவும் போய்ச் சேர்ந்தார் என்று சொல்லி, இருவரையும் ஒரே முற்றத்தில் வைத்திருக்கிறார்களே, அந்த முற்றத்தில் கவ்வாலி கேட்டபோது, பிரிவைத் தாங்காமல் போனதைக்கூட இங்கே குற்றமாகப் பார்க்கவில்லையே என்று தோன்றியது.

மலை மந்திருக்கு மட்டும் நான் போகவில்லை. அந்தச் சண்டை பாக்கி இருந்தது.

2024 ஜனவரியில் பொங்கலுக்குத் திருநெல்வேலி போனேன். முந்தைய டிசம்பரில் பெய்த பெருமழையில் ஊர் அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி கரை தாண்டியது. பெரியம்மா என்னைக் குறுக்குத்துறைக்குக் கூட்டிப் போனார். அம்மாவின் பிறந்த வீட்டுக்காரர்களுக்கு அந்த முருகன்தான் எல்லாம். ஆற்றுக்குள்ளேயே கட்டிய கோயில். பெருவெள்ளம் வரும்போதெல்லாம் முங்கிவிடும். வெள்ளம் வருகிறது என்றால் உற்சவரையும் உண்டியலையும் மேலக்கோயிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். மூலவர் தண்ணீருக்குள்தான். வடிந்த பிறகு சேற்றை அள்ளி, கழுவி, மறுபடி விளக்கேற்றுவார்கள். நாங்கள் போனபோது கல் இடுக்குகளில் மண் அப்பியிருந்தது.

அங்கே படியில் உட்கார்ந்து பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ‘யாமிருக்க பயமேன்’ என்ற எழுத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை, முருகன் மேல் எனக்குக் கோபம் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

“ஏட்டி, கோவம்னா அவன்கிட்ட போய்த் திட்டு. எங்கிட்ட ஏன் சொல்லுதெ? கண்ணு போனப்போ சுந்தரர் திருவாரூர்ல நின்னு சிவனைக் கேக்காத கேள்வியா? நீரு மட்டும் நல்லா இரும்யான்னு பாடினாரு. அதையும் தேவாரம்னுதானே வச்சிருக்கோம்.”

பிறகு ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “இவனே வருஷா வருஷம் தண்ணிக்குள்ள முங்கிட்டு எந்திரிக்கவன். முங்கினா எப்படி இருக்கும்னு இவனுக்குத் தெரியாதா?”

நான் ஏழு எட்டு இடம் சுற்றித் தேடியது என் அம்மாவின் அக்காள் வாயில் இருந்தது. பயமில்லை என்று சொல்லும் முருகனிடம் எனக்குப் பேச ஒன்றும் இல்லாமல் போயிருந்தது. முங்கி எழுகிற முருகனிடம் பேச நிறைய இருந்தது. தில்லி திரும்பிய மறுவாரம் மலை மந்திர் படியேறினேன். வாயைத் திறந்து திட்டினேன், மெதுவாகத்தான், ஆனால் வார்த்தையாகவே. குருக்கள் விபூதி கொடுத்தார். பூசிக்கொண்டேன். இப்போது கிருத்திகைக்குப் போகிறேன். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பயத்தோடும் கோபத்தோடும் போக ஓர் இடம் இருக்கிறது.

இனி நான் மணந்தவரைப் பற்றி. நேரு பிளேஸில் எங்கள் அலுவலகக் கட்டடத்திலேயே வேறொரு நிறுவனத்தில் வேலை. மயூர் விஹாரில் வளர்ந்த தமிழர், பூர்வீகம் நாகர்கோவில், சி.எஸ்.ஐ. கிறிஸ்தவக் குடும்பம். மதியம் நாலைந்து தமிழ் டப்பாக்கள் ஒரே மேஜையில் கூடும், அப்படித்தான் பழக்கம். அம்மாவின் சான்றிதழ் திருத்தத்துக்கு நான் மூன்றாவது முறை அலைந்தபோது, “எனக்கும் அந்தப் பக்கம் வேலை இருக்கு” என்று கூட வந்து வரிசையில் நின்றார். அவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை என்று ஒரு வருஷம் கழித்துத்தான் சொன்னார். அவருடைய அண்ணன் சாலை விபத்தில் போய்ப் பத்து வருஷம். அதையும் நான் கேட்ட பிறகுதான் சொன்னார். என் துக்கத்துக்குப் பக்கத்தில் தன் துக்கத்தைக் கொண்டுவந்து அவர் அளந்து பார்க்கவே இல்லை.

ஒரு நாள் கேட்டார். “உங்க அம்மாவுக்குக் கோபம் வந்தா என்ன சொல்லித் திட்டுவாங்க?”

அம்மாவைப் பற்றி யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. போனவளை எல்லோரும் தெய்வமாக்கிவிட்டிருந்தார்கள். “கூறுகெட்டவளேன்னு திட்டுவாங்க. கரண்டியால மேடையில ஒரு தட்டு தட்டிட்டுத் திட்டுவாங்க” என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன், சிரிப்பு அழுகையானது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு அம்மா எனக்கு மனுஷியாகத் திரும்பக் கிடைத்தாள். துக்கத்தில் இருக்கும்போது ஒருவரை ஏற்கலாமா என்று குழப்பமாக இருந்தால், அவர் உங்களிடம் என்ன கேள்வி கேட்கிறார் என்று பாருங்கள். ‘எப்போ சரியாவ?’ என்று கேட்கிறாரா, ‘அவங்க எப்படி இருந்தாங்க?’ என்று கேட்கிறாரா?

இரண்டு வீட்டுக்கும் தயக்கம் இருந்தது. மதம் மாறும் பேச்சு இரண்டு பக்கத்திலும் எழுந்தது. நாங்கள் இருவரும் ஒன்றில் உறுதியாக இருந்தோம்: நான் சண்டை போட்டுத் திரும்பப் பெற்ற சாமியை அவரும் கேட்க மாட்டார், அவர் அண்ணனுக்காக மெழுகுவர்த்தி ஏற்றும் பலிபீடத்தை நானும் கேட்க மாட்டேன். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்தோம். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்பு கொடுத்தபின் 30 நாள் அது அலுவலகத்தில் ஒட்டப்பட்டிருக்கும், யாரும் பார்க்கலாம். அதனால் வீட்டில் சொல்ல வேண்டியவர்களிடம் அதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. அறிவிப்பு கொடுத்த மூன்று மாதத்துக்குள் திருமணத்தை முடிக்க வேண்டும், மூன்று சாட்சிகள் வேண்டும். பலருக்குத் தெரியாத இன்னொன்று: இந்துவும் கிறிஸ்தவரும் இப்படி மணந்தால் அவர்கள் சொத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி போகும். கையெழுத்துக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் அரைமணி நேரம் உட்காருங்கள்.

கையெழுத்துப் போட்ட அன்று அந்தப் பங்களா சாஹிப் பாட்டியும் வந்து, பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

திருநெல்வேலியில் கல்யாணத்துக்கு அடுத்து மறுவீடு. மறுவீட்டுப் பந்தியில் சொதி இல்லாமல் இருக்காது. பெண் வீட்டில்தான் வைப்பார்கள். என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அப்பா, “சொதிக்குத் தேங்காய் வாங்கிட்டேன்” என்றார். வாழ்நாளில் காபி தவிர எதையும் அடுப்பில் வைக்காத மனிதர். போனில் பெரியம்மாவை வைத்துக்கொண்டு, இரண்டு தேங்காயைத் துருவி, மூன்று பால் பிழிந்தார். மூன்றாம் பாலில் காய் வேக வேண்டும், பாசிப்பருப்பு குழையக் கூடாது, முதல் பால் ஊற்றினால் கொதி வரக் கூடாது என்று பெரியம்மா அங்கிருந்து கத்திக்கொண்டே இருந்தார். அப்பா அவசரத்தில் அடுப்பை அணைக்காமலே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டார். சொதி திரிந்துபோனது.

அப்பா கரண்டியோடு அப்படியே நின்றார். பிறகு கரண்டியால் மேடையில் ஒரு தட்டு தட்டினார், அம்மா தட்டுகிற மாதிரியே. என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இஞ்சிப் பச்சடியோடும் உருளைக்கிழங்கு வறுவலோடும் எல்லோரும் இரண்டு முறை ஊற்றிச் சாப்பிட்டோம். கை கழுவிவிட்டு வந்த அப்பா, மலை மந்திர் காலண்டரில் அந்த மாதத் தாளைத் திருப்பி, பின்பக்கம் பேனாவால் எழுதினார்: ‘இறக்கி வைத்த பிறகு பழம் பிழியவும்.’